கலைந்த குழுவும் கலையாத ஏடுகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

முன்னுரை

அரசு ஒரு குழுவை அமைக்கும்போது அதற்கு விளம்பரம் உண்டு. தலைவர் யார், உறுப்பினர் யார் என்றெல்லாம் செய்தி வரும். அதே குழு கலைக்கப்படும்போது பெரும்பாலும் ஓசை எழுவதில்லை. உறுப்பினர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பிவிடுவர். குழு கூடிய அறையில் வேறு கூட்டம் நடக்கும். ஆனால் அக்குழு இருந்த காலத்தில் எழுதப்பட்ட ஏடுகள் என்னவாகும்? அவற்றைக் காணும் உரிமை யாருக்கு உண்டு? காண விரும்புவோர் எங்கே, எப்படிக் கேட்க வேண்டும்? அமெரிக்க நாட்டில் 2018-ஆம் ஆண்டு முடிவுக்கு வந்த ஒரு மருத்துவ ஆலோசனைக் குழுவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் தன்மை

குழுவைப் பற்றி அறியுமுன் அது எந்த நோய்க்காக அமைக்கப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். அந்நோயை ஆங்கில மருத்துவர்கள் 'மயால்ஜிக் என்செபலோமைலிட்டிஸ்' என்றும், 'குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்' என்றும் இரு பெயர்களால் அழைப்பர். நாட்பட்ட களைப்பு நோய் என்று நாம் தமிழில் கூறலாம். ஆனால் களைப்பு என்ற சொல் இதற்குப் போதாது. உழைத்தவன் உறங்கி எழுந்தால் களைப்பு தீரும். இந்நோய் கண்டவருக்கு உறங்கினாலும் தீராது. சிறிது தூரம் நடந்தாலோ, சிறிது நேரம் படித்தாலோ, மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல் மேலும் மோசமாகிவிடும். நினைவு மங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே இருப்பர்.

1955-ஆம் ஆண்டு இலண்டனில் உள்ள ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாளர்கள் 292 பேருக்கு இத்தகைய நோய் கண்டது. 1984-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் இன்க்லைன் வில்லேஜ் என்ற சிற்றூரில் இதுபோன்ற நோய் பலருக்குப் பரவியதாகக் கூறப்பட்டது. 1988-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 'குரோனிக் ஃபட்டீக் சிண்ட்ரோம்' என்ற பெயரைச் சூட்டியது. இரத்தத்தைச் சோதித்து 'இதோ நோய்' என்று காட்டும் சோதனை இதற்கு இல்லாமையால் நோயாளியின் சொல்லை மருத்துவரே நம்பாத நிலை ஏற்பட்டது. 'எல்லாம் மனப்பிரமை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர் பலர்.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை இந்நோயால் துன்புறுகின்றனர் என்றும், அவர்களில் 84 முதல் 91 விழுக்காட்டினருக்கு நோய் இன்னதென்றே இன்னும் கண்டறியப்படவில்லை என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. இது மெய்யான உடல்நோயே என்று அது அழுத்தமாகக் கூறியது.

குழுவின் தோற்றமும் முடிவும்

நோயாளிகளும் ஆராய்ச்சியாளரும் தொடர்ந்து வற்புறுத்தியதன் விளைவாக, அமெரிக்க நல்வாழ்வு மற்றும் மனித சேவைத் துறை 2002-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சாசனம் ஒன்றை வெளியிட்டு, நாட்பட்ட களைப்பு நோய் ஆலோசனைக் குழுவை அமைத்தது. அறிவியலாரும், மருத்துவரும், நோயாளிகளின் சார்பில் பேசக்கூடியோரும் இதில் உறுப்பினராயினர். நோய்க் கட்டுப்பாட்டு மையம், தேசிய நலவாழ்வு நிறுவனங்கள், உணவு மருந்து நிர்வாகம், சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆகியவற்றின் அலுவலர்கள் வாக்குரிமை இன்றி உடன் அமர்ந்தனர். பொதுவாக ஆண்டுக்கு இருமுறை குழு கூடியது.

இக்குழுவின் பெருமை அதன் பரிந்துரைகளில் மட்டும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் பொதுமக்கள் பேசுவதற்கு நேரம் ஒதுக்கப்பட்டது. நேரில் வர இயலாதவர்கள் தொலைபேசி வழியே பேசினர். வீட்டை விட்டு வெளியேற முடியாத ஒருவர், தம் துன்பத்தை நாட்டின் உயர் மருத்துவ அலுவலர்களின் காதில் போடவும், அது நடவடிக்கைக் குறிப்பில் ஏறவும் அங்கே வழி இருந்தது. மருத்துவரிடம் நம்பப்படாத சொல் அரசின் ஏட்டில் இடம் பெறுவது சிறிய செய்தியன்று.

அமெரிக்கச் சட்டப்படி ஆலோசனைக் குழுவின் சாசனம் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். புதுப்பித்தால் தொடரும், புதுப்பிக்காவிட்டால் தானே முடிந்துவிடும். 2018-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் குழு கூடியது. அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சாசனம் காலாவதியாயிற்று. துறை அதைப் புதுப்பிக்கவில்லை. மறுநாள் ஒரு மின்னஞ்சல் அறிவிப்பின் மூலம் இச்செய்தி தெரிவிக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகள் நடந்த குழு ஒரு தேதி கடந்ததால் இல்லாமற் போயிற்று. கலைக்கிறோம் என்று ஒரு கையெழுத்துக்கூடத் தேவைப்படவில்லை என்பதை இங்குக் கருத வேண்டும்.

ஏடுகள் ஏன் வேண்டும்?

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது பழமொழி. நோய்க்கு மருந்து வேண்டுமேயன்றிப் பழைய தாள்கள் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதே நோயின் வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கிறது.

இந்நோயின் ஆராய்ச்சிக்கென அமெரிக்க நாடாளுமன்றம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்திற்குப் பணம் ஒதுக்கி வந்தது. அப்பணம் முறையாகச் செலவாகிறதா என்ற ஐயம் எழுந்தது. துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் கணக்குகளைத் தணிக்கை செய்து 1999-ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. 1995 முதல் 1998 வரை இந்நோயின் பெயரில் காட்டப்பட்ட 2 கோடியே 27 லட்சம் டாலரில், 98 லட்சம் மட்டுமே இந்நோய்க்குச் செலவாகியிருந்தது. 88 லட்சம் டாலர் வேறு பணிகளுக்குச் சென்றிருந்தது. எஞ்சிய 41 லட்சத்திற்குப் போதிய சான்று இல்லை. அவ்வாறு விலகிய தொகையை இந்நோய் ஆராய்ச்சிக்கே திரும்ப ஒதுக்க மையம் பின்னர் இசைந்தது. நோயாளிகள் எத்தனை மேடைகளில் அழுதிருந்தாலும் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. கணக்கேடு பேசியது, பணம் திரும்பியது.

மற்றொரு நிகழ்ச்சியையும் கூறலாம். நோய்க்கு இலக்கணம் வகுக்க, இந்நோயை அறிந்த வல்லுநர்களைக் கூட்டி முடிவு செய்க என்று 2012-ஆம் ஆண்டு குழு பரிந்துரைத்தது. துறையோ 2013-இல் அப்பணியை மருத்துவக் கழகத்திடம் ஒப்பந்தமாக ஒப்படைத்தது. முன்பே கூறிய 2015-ஆம் ஆண்டு அறிக்கை அவ்வொப்பந்தத்தின் பயனே. அறிக்கை நன்மை செய்தது என்று பின்னர்ப் பலரும் ஒப்புக்கொண்டனர். எனினும், பரிந்துரை ஒன்றாகவும் செயல் வேறாகவும் ஆனது ஏன் என்ற கேள்வி எழுந்தது. ஒப்பந்தம் பற்றிய ஆவணங்களைக் கேட்டு வழக்கே தொடுக்கப்பட்டது. 2014-இல் கலிபோர்னியாவிலுள்ள கூட்டரசு நீதிமன்றம் மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆலோசனை சொல்லப்பட்ட பிறகு அது துறைக்குள் என்னவாயிற்று என்பதை ஏடுகளைக் கொண்டே அறிய முடியும்.

இரண்டு சட்டங்கள்

ஆவணம் தேடுவோர் இரண்டு சட்டங்களை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, தகவல் சுதந்திரச் சட்டம். 1966-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இதில் கையொப்பமிட்டார். 1974-இல், குடியரசுத் தலைவர் ஃபோர்டு மறுப்பாணை இட்டும், நாடாளுமன்றம் அம்மறுப்பை மீறி இச்சட்டத்தை வலுப்படுத்தியது. கூட்டரசு அலுவலகங்களில் உள்ள ஆவணங்களை எவரும் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம் என்பது இதன் சாரம்.

இரண்டாவது, கூட்டரசு ஆலோசனைக் குழுச் சட்டம். 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் இது சட்டமாயிற்று. குழுவின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும். கூட்டம் நடப்பதை அரசிதழில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். விரிவான நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். குழுவின் அறிக்கைகள், வரைவுகள், குழுவின் முன் வைக்கப்பட்ட தாள்கள் ஆகியவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்று இச்சட்டம் விதிக்கிறது.

இங்கே கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு வாசகம் உண்டு. அவ்வாறு பார்வைக்கு வைக்கும் கடமை குழு இருக்கும் வரைதான் என்று அச்சட்டமே கூறுகிறது. ஆகவே 2018 செப்டம்பர் 5-ஆம் நாள் முடிந்தது குழு மட்டுமன்று. கேளாமலே சென்று காணும் அவ்வுரிமையும் அதனோடு முடிந்தது. அதன்பின் எஞ்சியது முதற்சட்டம். அதாவது, எழுதிக் கேட்டுப் பெறும் உரிமை. கதவு மூடப்படவில்லை, ஆனால் தட்டினால்தான் திறக்கும் கதவாக அது மாறிற்று. இதுவே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

எங்கே தேடுவது?

கடிதம் எழுதுமுன் ஏற்கெனவே வெளியில் இருப்பவற்றைத் தேடிப் பார்ப்பது அறிவுடைமை. குழுக்களின் சாசனம், செலவு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைப் பொதுச் சேவை நிர்வாகத் துறை தொகுத்து வைக்கிறது. ஆலோசனைக் குழுக்களின் ஒவ்வோர் அறிக்கையிலும் எட்டுப் படிகள் காங்கிரஸ் நூலகத்திற்கு அனுப்பப்பட வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. கூட்ட அறிவிப்புகள் அரசிதழில் உள்ளன. ஆலோசனைக் குழுக்களின் முதன்மையான ஆவணங்களை அழிக்கக் கூடாது. அவை நிலையாகக் காக்கப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர வேண்டும் என்பது அக்காப்பகத்தின் விதி. எனவே சாசனமும், கூட்டக் குறிப்பும், பரிந்துரையும் பெரும்பாலும் கடிதமின்றியே கிடைக்கக் கூடியவை.

கடிதம் தேவைப்படுவது வேறு சிலவற்றிற்கு. சாசனத்தைப் புதுப்பிக்கலாமா என்று அலுவலர்கள் தமக்குள் எழுதிக்கொண்டவை. ஒவ்வொரு பரிந்துரை மீதும் துறையின் உள்ளே எழுதப்பட்ட குறிப்புகள். துணைக் குழுக்களின் தாள்கள் ஆகியன இவ்வகையின. துணைக் குழு தாய்க் குழுவிற்கு மட்டும் அறிக்கை தருமாயின் திறந்த கூட்ட விதி அதற்குப் பொருந்தாது. அதனால் பல உண்மையான விவாதங்கள் துணைக் குழுவிலேயே நடந்து, பொது ஏட்டில் ஏறாமல் போவதுண்டு.

எப்படிக் கேட்பது?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆதலால் எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். குறையைச் சொல்லி, 'ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடிப்பது வழக்கம். அது கருணையை வேண்டும் மனு. ஆவணம் கேட்கும் கடிதம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதில் குறையைச் சொல்லத் தேவையில்லை. காரணமும் சொல்லத் தேவையில்லை. எந்தத் தாள் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

'குழுவை ஏன் கலைத்தீர்கள்?' என்பது வினா. தகவல் சுதந்திரச் சட்டம் வினாவுக்கு விடை தருமாறு அலுவலரைக் கட்டாயப்படுத்தாது. கையில் உள்ள ஆவணத்தைத் தருமாறே கட்டாயப்படுத்தும். ஆகவே அவ்வினாவை ஆவணமாக மாற்றிக் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக இவ்வாறு எழுதலாம்:

'நாட்பட்ட களைப்பு நோய் ஆலோசனைக் குழுவின் சாசனத்தைப் புதுப்பித்தல் அல்லது முடிவுக்கு வர விடுதல் குறித்து, 2018 ஜனவரி 1 முதல் 2018 செப்டம்பர் 30 வரை, நல்வாழ்வு உதவிச் செயலாளர் அலுவலகத்திலும் பெண்கள் நல அலுவலகத்திலும் எழுதப்பட்ட அல்லது பெறப்பட்ட கடிதங்கள், குறிப்புகள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் படிகளை அனுப்பக் கோருகிறேன்.'

இதில் பொருள் உண்டு, காலம் உண்டு, அலுவலகம் உண்டு, ஆவணத்தின் வகை உண்டு. இந்நான்கும் அமைந்தால் தேடுபவர்க்கு எளிது. 'தெளிவில்லை' என்று திருப்பி அனுப்பவும் இடமிராது. குழுவை இறுதிக் காலத்தில் நடத்தியது பெண்கள் நல அலுவலகம். அது துறைச் செயலாளரின் அலுவலகத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்குரிய தகவல் பிரிவுக்கே கடிதம் செல்ல வேண்டும். குழு இருந்த காலத்தில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்திற்கும் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கும் தனித்தனித் தகவல் பிரிவுகள் இருந்தன. ஒரு பிரிவில் இல்லாத தாளை அங்கே கேட்டால் 'இல்லை' என்ற விடையே வரும்; தாளே உலகில் இல்லை என்று அதற்குப் பொருளன்று.

வணிக நோக்கமற்ற தனி மனிதருக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடுதலும், முதல் 100 பக்கப் படிகளும் கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு வரை செலவு ஏற்கத் தயார் என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுவது நன்று.

தடைகளும் மேல்முறையீடும்

கடிதம் கிடைத்த 20 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் காலதாமதம் ஏற்படுவது அந்நாட்டில் நெடுநாளைய குறையாகும்.

சட்டத்தில் ஒன்பது விலக்குகள் உண்டு. நாட்டின் பாதுகாப்பு முதல் எண்ணெய்க் கிணறுகளின் நிலவியல் செய்தி வரை அவை விரிகின்றன. நம் பொருளுக்கு இரண்டு மட்டும் முக்கியமானவை. ஆறாவது விலக்கு தனி மனிதரின் அந்தரங்கத்தைக் காப்பது. நோயாளியின் மருத்துவச் செய்தி வெளியாகக் கூடாது என்பதால் இது நியாயமானதே. ஐந்தாவது விலக்கு, முடிவெடுக்குமுன் அலுவலர்கள் தமக்குள் செய்துகொண்ட ஆலோசனைகளை மறைக்க இடம் தருவது. கலைப்பின் காரணத்தைத் தேடுவோர் பெரும்பாலும் மோதிக்கொள்வது இச்சுவரில்தான். வரிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டே தாள்கள் வந்து சேரும்.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வெளியிடுவதால் இன்ன தீங்கு நேரும் என்று முன்னறியக் கூடிய இடத்தில்தான் மறைக்கலாம். அலுவலர்களின் ஆலோசனைகளும் எழுதப்பட்டு 25 ஆண்டுகள் ஆனபின் அந்த ஆலோசனைக் காரணத்தைக் கூறி மறைக்கப்படக் கூடாது. முடிவு பாதகமானால் 90 நாட்களுக்குக் குறையாத கால அளவில் மேல்முறையீடு செய்யலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நடுவர் அலுவலகம் ஒன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இறுதியாக நீதிமன்றம் உண்டு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அமெரிக்கச் சட்டம் 'குடிமகன்' என்று கூறவில்லை. 'எவரும்' என்றே கூறுகிறது. எனவே தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் இருக்கும் கல்லூரி மாணவரும் அந்நாட்டுத் துறைக்கு எழுதி இவ்வேடுகளைக் கேட்கலாம். நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டமோ குடிமக்களுக்கு மட்டும் உரியது. அதற்கு முன்பே, 1997-இல், இந்திய மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு இத்தகைய சட்டம் இயற்றியது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. கையில் இல்லாத தகவலைப் புதிதாக உருவாக்கித் தருமாறு கேட்க முடியாது என்ற விதி இங்கும் உண்டு. 2011-இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஆகவே வினாவை ஆவணமாக மாற்றிக் கேட்கும் பயிற்சி நமக்கும் வேண்டும்.

முடிவுரை

இக்கதை 2018-உடன் முடிந்துவிடவில்லை. கோவிட் கண்டு மீண்டவருள் பலர் நாட்பட்ட களைப்பு நோயை ஒத்த துன்பத்தில் வீழ்ந்தனர். அவர்களுக்காக அதே அமெரிக்கத் துறையில் நீடித்த கோவிட் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை அதையும் முடிவுக்குக் கொண்டுவரப் பணித்தது. முன்னது தேதி கடந்ததால் முடிந்தது. பின்னது ஆணையால் முடிந்தது. இரண்டிலும் நோயாளிக்கு நேர்ந்த இழப்பு ஒன்றே: தம் சொல் எழுதப்படும் ஓர் இடம் போயிற்று.

குழுவை மீண்டும் அமைக்க அரசால்தான் முடியும். ஆனால் முன்பு என்ன சொல்லப்பட்டது, யார் கேட்டார், என்ன செய்யப்பட்டது, எது செய்யப்படாமல் விடப்பட்டது என்பதைக் கேட்டுப் பெற ஒரு தாளும் பொறுமையும் உள்ள எவராலும் முடியும். நாளை இன்னொரு குழு அமையுமானால், அது முதல் பக்கத்திலிருந்து தொடங்காமல், பழைய குழு விட்ட இடத்திலிருந்து தொடங்க அவ்வேடுகளே உதவும். படுக்கையில் கிடந்தபடி தொலைபேசியில் பேசியவர்களின் சொற்கள் அவற்றில்தான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிப் படிப்பது, அவர்களுக்குக் காலம் கடந்தேனும் செவி கொடுப்பதாகும்.